தொழில்நுட்பச் செய்தியும் மெய்க்கீர்த்தி மரபும்

1. ஆய்வின் தோற்றம்

புகழ்ந்து உரைத்தல் தமிழுக்குப் புதிதன்று. பாடாண் திணை தொட்டு மெய்க்கீர்த்தி, உலா, பரணி, கலம்பகம் எனப் புகழ்ச்சி பல வடிவங் கொண்டு வளர்ந்துள்ளது. அவ்வடிவங்களைப் பிரித்தறியவும், புகழ்ச்சியுள் பொதிந்த மெய்யை அளந்தறியவும் இலக்கணிகள் சில நெறிகளை வகுத்தனர். கல்வெட்டறிஞர் அந்நெறிகளை மேலும் கூர்மையாக்கினர். இக்காலத்தும் நாள்தோறும் வெளிவரும் புகழ்ச்சி எழுத்து ஒன்று உண்டு. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் தம் புதிய பொறிகளையும் மென்பொருள்களையும் உலகுக்கு அறிவிக்கும் அறிக்கைகளும், அவற்றை அடியொற்றி எழும் செய்திகளுமே அது. அவ்வெழுத்தைத் திறனாய்வுக் கருவிகள் கொண்டு அளக்க இயலுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினா எழுந்த சூழலை முதற்கண் கூறுதல் வேண்டும். மொழிபெயர்ப்புத் துறையில் ஆய்வு மேற்கொண்ட மாணவர் ஒருவர், தம் ஆய்வேட்டின் திருத்திய முன்வரைவினை எம்மிடம் கொணர்ந்தார். சங்கப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுதல் அவர் முதலில் மேற்கொண்ட பொருள். ஓராண்டு உழைத்துத் திரட்டிய அப்பொருளை இடையில் அவர் கைவிட்டிருந்தார். மொழிபெயர்ப்பில் பொறி மாந்தரை எட்டிவிட்டதாதலின், மாந்தர் செய்த மொழிபெயர்ப்புகளை ஒப்பிடும் ஆய்வுக்கு இனிப் பயனில்லை என்பது அவர் காட்டிய காரணம். அதற்குச் சான்றாக அவர் இணைத்திருந்தது ஒரு செய்தி நறுக்கு. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2018 மார்ச்சில் வெளியிட்ட அறிவிப்பினைத் தழுவியது அச்செய்தி. அறிவிப்பு பொய்யன்று. ஆனால் அதில் தமிழ் இல்லை. சங்கப் பாடல் இல்லை. பாடல் என்பதே இல்லை.

ஒரு மாணவர் தம் ஓராண்டு உழைப்பினைத் துறந்தது எதனை நம்பி? இதனை எண்ணியபோது, இது தனி ஒருவர் தவறு அன்று என்பது புலனாயிற்று. பல்கலைக்கழகங்கள் பாடத்திட்டம் வகுப்பதும், அரசுகள் பொருள் ஒதுக்குவதும், நூலகங்கள் எதை வாங்குவது எதை விடுவது எனத் துணிவதும் இத்தகைய செய்திகளைச் சார்ந்து நிகழக் காண்கின்றோம். ஆதலின், இச்செய்திகளைப் படிக்கும் முறையினை வரையறுத்தல் தமிழ்த்துறைக்குப் புறம்பான பணி ஆகாது.

2. மெய்க்கீர்த்தியின் அமைப்பு

முதலாம் இராசராசன் காலந்தொட்டுத் தமிழ்க் கல்வெட்டுகளின் முகப்பில் மெய்க்கீர்த்தி இடம்பெறலாயிற்று. அரசன் வென்ற நாடுகளும் பெற்ற சிறப்புகளும் ஓசை நயம் பட அதில் தொகுத்துரைக்கப்பெறும். ஆட்சியாண்டு வளர வளர மெய்க்கீர்த்தியும் வளரும். புதிய வெற்றி சேருந்தோறும் புதிய தொடர் சேரும். அதன் பின்னரே கல்வெட்டின் உட்பொருள் தொடங்கும். கொடுத்த நிலம் எவ்வளவு, அதன் நான்கெல்லை யாவை, நீங்கிய வரி யாது, கையெழுத்திட்டோர் யாவர் என்பன அப்பகுதியில் வரும்.

கல்வெட்டறிஞர் இவ்விரு பகுதிகளையும் ஒரே நிறைகோலால் நிறுப்பதில்லை. முன்பகுதி புகழ்; பின்பகுதி ஆவணம். முன்பகுதியில் மிகை இருப்பினும் அதற்காக எவரும் வழக்குத் தொடரார். பின்பகுதியில் ஒரு மா நிலம் பிழைபடினும் ஊர்ச்சபை வாளா இராது. பதினோராம் நூற்றாண்டில் சோழர்க்கும் மேலைச் சாளுக்கியர்க்கும் நிகழ்ந்த போர்களைச் சோழர் மெய்க்கீர்த்திகள் சோழர் வெற்றியாகக் கூறும். பில்கணரின் விக்கிரமாங்கதேவ சரிதம் சாளுக்கியர் வெற்றியாகப் பாடும். இரண்டையும் எதிரெதிர் வைத்தே வரலாற்றாசிரியர் மெய்யினைத் தேடுவர். காந்தளூர்ச்சாலை பற்றிய தொடர் ஒன்றன் பொருள் யாது என்பதில் அறிஞரிடையே இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே, மெய்க்கீர்த்தியைப் பொய் எனத் தள்ளுதலும் கூடாது. மெய் என அப்படியே கொள்ளுதலும் கூடாது. அதன் பெயரில் மெய் உண்டு. அம்மெய்யினைத் தேடி அடைதல் படிப்போர் கடன்.

தொழில்நுட்ப நிறுவனத்தின் அறிவிப்பு இக்கால மெய்க்கீர்த்தி என்பது எம் கருத்து. எனினும் இரண்டற்கும் ஒரு பெரு வேறுபாடு உண்டு. சோழன் மெய்க்கீர்த்தி நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் போரைப் பாடும். நிறுவனத்தின் மெய்க்கீர்த்தியோ பல வேளைகளில் நிகழாப் போரைப் பாடுகின்றது. வஞ்சி சூடிப் புறப்படுமுன்னரே வாகை பாடுதல் போன்றது அது. இதனைக் காலம், வினைமுதல், எல்லை என்னும் மூன்று நோக்கில் ஆராய்வோம். மூன்றும் சொல்லிலக்கணத்தோடு நெருங்கிய தொடர்புடையன.

3. காலம்

காலம் மூன்று என்பது இலக்கணம். அவை ஒன்றற்கொன்று மயங்கி வருதலும் உண்டு. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் நான்கு காரணம் பற்றிக் காலம் பிறழ்ந்து வரலாம் என நன்னூல் அமைதி கூறும். உண்டுகொண்டிருப்பவன், உடன்செல்ல வேண்டியவர் அழைத்தவிடத்து, 'இதோ வந்துவிட்டேன்' என்பான். வருதல் இன்னும் நிகழவில்லை. எனினும் கேட்போர்க்கு மயக்கம் இல்லை. சொல்வோன் வருவான் என்பதற்கு அவன் கையலம்பும் ஒலியே சான்று.

தொழில்நுட்பச் செய்தியில் வரும் காலமயக்கம் இந்நான்கனுள் எதன்பாற்படும்? டெஸ்லா நிறுவனம் 2016 அக்டோபரில், தான் அன்றுமுதல் செய்யும் ஊர்திகள் யாவும் தாமே இயங்குதற்கு வேண்டிய கருவிகள் அனைத்தும் உடையன என அறிவித்தது. 'உடையன' என்னும் நிகழ்காலப் பொருண்மை ஈண்டு நோக்கத்தக்கது. 2017 முடிவதற்குள் இலாசு ஏஞ்சல்சிலிருந்து நியூயார்க்கு வரை மாந்தர் கைபடாது ஊர்தி ஒன்று சென்று காட்டும் என அதன் தலைவர் ஈலோன் மசுக்கு அப்போது கூறினார். அப்பயணம் அவ்வாண்டில் நிகழவில்லை. அடுத்த ஆண்டிற்குள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட தானியங்கு வாடகை ஊர்திகள் சாலையில் இருக்கும் என 2019 ஏப்ரலில் அவர் மீண்டும் கூறினார். 2020 கழிந்தது; அவை வரவில்லை. 2025 ஜூனில் ஆசுடின் நகரில் அத்தகைய வாடகைப் பணி சிறிய அளவில் தொடங்கியபோதும், நிறுவனத்தின் பணியாளர் ஒருவர் ஊர்தியுள் மேற்பார்வைக்கு அமர்ந்திருந்தார். முன்னர் 'உடையன' எனப்பட்ட ஊர்திகட்கோ, பின்னாளில் கணிப்பொறியினை மாற்றித் தர நேர்ந்தது.

இதனை விரைவு பற்றிய வழுவமைதி எனலாமா? ஆகாது. விரைவுப் பொருண்மையில் வினை அணித்தே நிகழ்தல் வேண்டும். தெளிவு எனலாமா? அதுவும் பொருந்தாது. தெளிவுக்கு முன்னறிந்த காரணம் வேண்டும். ஈண்டுள்ளது விழைவு மட்டுமே. எனவே இஃது அமைதி ஆகாது, வழுவே ஆகும். எதிர்காலத்தை நிகழ்காலமாகக் கூறி, அக்கூற்றின் வலியால் நிகழ்காலப் பொருளை ஈட்டும் வழு. வருங்கால ஆற்றலுக்கென வாங்குவோர் அன்றே பணம் செலுத்தினர் என்பது இவ்வழுவின் விலையைக் காட்டும்.

4. வினைமுதல்

செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறுதலும் வழக்கின்பாற்படும் எனத் தொல்காப்பியம் கூறும். 'திண்ணை மெழுகிற்று' என்பது உரையாசிரியர் காட்டும் வழக்கு. திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளாது. மெழுகியவள் ஒருத்தி உண்டு. தொடரில் அவள் மறைந்தாள். மறைந்தாலும் அவ்வீட்டார்க்கு அவள் யார் எனத் தெரியும்; ஆதலின் தீங்கில்லை.

தொழில்நுட்பச் செய்தியில் இவ்வழக்கு பெருகிக் கிடக்கின்றது. பொறி கற்றது, மென்பொருள் உணர்ந்தது, கடை தானே கணக்கிட்டது என்பன போன்ற தொடர்களை நாள்தோறும் காண்கின்றோம். ஆனால் மெழுகியவள் யார் என்பது இங்குப் படிப்போர்க்குத் தெரிவதில்லை. தெரியாதவாறே தொடர் அமைகின்றது.

அமேசான் நிறுவனம் 2018 சனவரியில் சியாட்டில் நகரில் பணம் வாங்குவோர் இல்லாக் கடை ஒன்றைப் பொதுமக்கட்குத் திறந்தது. வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டு வெளியேறலாம். படக்கருவிகளும் உணர்கருவிகளும் கணக்கிட்டுக்கொள்ளும் என்பது அறிவிப்பு. பின்னர் இம்முறையினைத் தன் பெரிய மளிகைக் கடைகள் சிலவற்றிலும் அந்நிறுவனம் புகுத்தியது. அப்பெருங்கடைகளிலிருந்து இதனை நீக்கப்போவதாக 2024 ஏப்ரலில் செய்தி வந்தது. இம்முறைக்குத் துணையாக இந்தியாவில் ஏறத்தாழ 1,000 பேர் பணிபுரிந்தனர் என்றும், 2022-இல் 1,000 விற்பனைக்கு 700 அளவில் மாந்தர் பார்வைக்கு வந்தன என்றும் 'தி இன்பர்மேசன்' என்னும் செய்தி இதழ் எழுதியிருந்தது. நிறுவனம் அக்கணக்கினை மறுத்தது. மாந்தர் சரிபார்ப்பது சிறுபகுதியே என்றும், பொறியினைப் பயிற்றுதற்குப் படங்கட்குக் குறிப்பெழுதுவதே அவர் பணி என்றும் கூறிற்று. இருவர் எண்ணும் வேறு. அதனுள் யாம் புகவில்லை. ஆயினும் மறுப்பிலேயே ஓர் உடன்பாடு உள்ளது. மாந்தர் இருந்தனர் என்பதில் இருவர்க்கும் வேறுபாடு இல்லை. அறிவிப்பில் அவர் இலர், மறுப்பில் உளர். மெழுகியவள் யார் என்பது, திண்ணையைப் பற்றிய பூசல் எழுந்த பின்னரே வெளிப்பட்டது.

இனி, கூகிள் நிறுவனம் 2023 திசம்பர் 6-ஆம் நாள் 'ஜெமினி' என்னும் செயற்கை அறிவினை அறிமுகஞ் செய்து வெளியிட்ட படக்காட்சியினைக் காண்போம். ஒருவர் கையசைவு காட்டுகின்றார். பொறி உடனே பேசி விடையிறுக்கின்றது. கல், தாள், கத்தரி என்னும் விளையாட்டினைப் பொறி தானே கண்டுகொண்டதாகக் காட்சி தோன்றும். உண்மையில் நேருக்கு நேர் பேச்சு நிகழவில்லை. அசையாப் படங்களும் எழுத்தாலான வினாக்களும் பொறிக்குக் கொடுக்கப்பெற்றன; குரல் பின்னர்ச் சேர்க்கப்பெற்றது. இஃது ஒரு விளையாட்டு என்னும் குறிப்பும் வினாவோடு தரப்பட்டிருந்தது. பொறி விடை கண்டது மெய். ஆனால் குறிப்புக் கொடுத்த வினைமுதல் காட்சியில் இல்லை. தேர்வு மண்டபத்தில் குறிப்புச் சொன்னவரை மறைத்து மாணவன் மதிப்பெண்ணை மட்டும் அறிவித்தல் போன்றது இது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இவ்வுண்மை பகைவர் வாயிலாக வெளிவந்ததன்று. மென்பொருள் ஆக்குவோர்க்கென அந்நிறுவனமே எழுதிய விளக்கவுரையில் அசையாப் படங்களும் குறிப்பும் காணப்பட்டன. காட்சி புகழ்ப்பகுதி, விளக்கவுரை ஆவணப்பகுதி. செய்தி எழுதியோருட் பலர் முன்பகுதியோடு நின்றுவிட்டனர்.

5. எல்லை

மூன்றாவது நோக்கு எல்லை. கல்வெட்டு நிலக்கொடையில் நான்கெல்லை கூறாக்கால் கொடை செல்லாது. அறிவிப்பின் எல்லை யாது எனக் கேளாக்கால் அதனைச் சான்றாகக் கொள்ளுதலும் செல்லாது. எம் மாணவர் காட்டிய செய்தி நறுக்கினை இந்நோக்கில் ஆராய்வோம்.

மைக்ரோசாப்ட் ஆய்வாளர் 2018-இல் கூறியது இது: சீன மொழிச் செய்தித் தொடர்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணியில், குறிப்பிட்ட ஒரு சோதனைத் தொகுதியைப் பொறுத்தவரை, தம் பொறியின் பெயர்ப்புக்கும் பயின்ற மாந்தர் பெயர்ப்புக்கும் மதிப்பீட்டில் வேறுபாடு காணப்படவில்லை. அத்தொகுதி ஏறத்தாழ 2,000 தொடர்களாலானது; 2017-ஆம் ஆண்டின் பொறிமொழிபெயர்ப்புக் கருத்தரங்கிற்கென உருவாக்கப்பெற்றது. மொழி இரண்டே, துறை செய்தி, அலகு தனித்தொடர். இவையே எல்லைகள். செய்தித்தாள் தலைப்பில் இவ்வெல்லைகள் யாவும் உதிர்ந்தன. 'மொழிபெயர்ப்பில் பொறி மாந்தரை எட்டியது' என்பது மட்டும் எஞ்சியது. செய்தியிலிருந்து ஆய்வேட்டிற்கு வந்தபோது சீனத்தின் இடத்தில் தமிழும், செய்தியின் இடத்தில் அகப்பாட்டும் தாமே வந்து அமர்ந்துகொண்டன.

எல்லைக்கு உள்ளேயும் அக்கூற்று முழுதும் நிற்குமா என்பதனை அவ்வாண்டிலேயே வேறு அறிஞர் ஆராய்ந்தனர். சூரிக்கு, எடின்பரோ பல்கலைக்கழகங்களைச் சார்ந்த இலாய்ப்லி, சென்றிக்கு, வோல்க்கு என்போர் அதே பெயர்ப்புகளைத் தொழின்முறை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மதிப்பிடச் செய்தனர். தனித்தொடராகக் காட்டியபோது, பொருள் வழுவாமையில் இரண்டற்கும் வேறுபாடு தெளிவாகத் தோன்றவில்லை. முழுக்கட்டுரையாகக் காட்டியபோது மதிப்பிட்டோர் மாந்தர் பெயர்ப்பினையே சிறந்ததெனக் கொண்டனர். தொடர்தோறும் சரியாகத் தோன்றியது, தொடர்களுக்கிடையே பிழைபட்டிருந்தது. முன் வந்த பெயரும் பின் வந்த சுட்டும் இணங்காமை, ஒரு பொருட்கு ஈரிடத்து இருவேறு சொல் வருதல் போன்ற குறைகள் முழுமையை நோக்கும்போதே புலனாகும்.

தமிழ் பயின்றார்க்கு இம்முடிவு வியப்பளிக்காது. பொருள்கோள் எட்டு என்றனர் நம் இலக்கணிகள். விற்பூட்டு என்பதில் முதலும் ஈறும் கூடிப் பொருள் தரும். கொண்டுகூட்டில் பல அடிகளில் நின்ற சொற்களைக் கொணர்ந்து கூட்டவேண்டும். அளைமறிபாப்பில் இறுதி நின்ற சொல் இடையிலும் முதலிலும் சென்று பொருந்தும். அடியை அடியாக வெட்டி மதிப்பிடும் அளவுகோல் இவற்றுள் எதனையும் அளவாது. தலைவி கூற்றா, தோழி கூற்றா என்பதனை ஓரடி கொண்டு துணிய இயலாது. துறை அறியாது பெயர்த்தவன் எவ்வளவு சரியாகப் பெயர்த்தாலும் பாட்டைப் பெயர்த்தவன் ஆகான்.

மற்றொரு குறையும் கண்டறியப்பட்டது. தொரால் முதலிய அறிஞர் 2018-இல் வெளியிட்ட ஆய்வொன்று, சோதனைத் தொகுதியின் சீனப் பகுதியில் ஏறத்தாழப் பாதி இயல்பாகச் சீனத்தில் எழுதப்பெற்றதன்று என்பதனைச் சுட்டியது. அது முன்னரே ஆங்கிலத்திலிருந்து சீனத்தில் பெயர்க்கப்பெற்றது. அதனை மீண்டும் ஆங்கிலமாக்குதல் வந்த வழியே திரும்பிச் செல்லுதலாம். காட்டில் புதுவழி காண்பதன்று. சீனத்திலேயே பிறந்த தொடர்களை மட்டும் கொண்டு நோக்கியபோது பொறி மாந்தரை எட்டவில்லை என அவர்கள் கண்டனர்.

ஒன்றனை நடுநிலை வழுவாது கூறுதல் வேண்டும். இம்மறு ஆய்வுகள் நிகழ்தற்குக் காரணம், மைக்ரோசாப்ட் ஆய்வாளர் தம் பெயர்ப்புகளையும் மதிப்பீட்டுக் குறிப்புகளையும் பிறர் காண வெளியிட்டமையே ஆகும். கூற்றினைக் கூறியவர் நான்கெல்லையும் காட்டினர். எல்லைக்கல்லைப் பிடுங்கியது செய்தி. எனவே குற்றம் முழுவதையும் நிறுவனத்தின்மேல் ஏற்றுதல் தகாது. கூற்று ஒன்று, தலைப்பு ஒன்று, நம்பிக்கை ஒன்று என மூன்று படியாக மிகை வளர்ந்தது. மூன்றாம் படியில் நின்றவர் நம் மாணவர். அப்படியில் அவரைத் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டியவர் ஆசிரியராகிய யாம். முன்வரைவினைத் திருத்துமுன் ஓராண்டில் ஒருகாலேனும் இதுபற்றி அவரிடம் வினவாமை எம் குறை.

6. கல்லின் கீழ்ப்பகுதி

புகழ்ப்பகுதியினைக் கடந்து ஆவணப்பகுதிக்குச் செல்லுதலே கல்வெட்டறிஞர் நெறி என்றோம். தொழில்நுட்ப நிறுவனங்கட்கு அத்தகைய ஆவணப்பகுதி உண்டா? உண்டு. அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்கள் ஆண்டுதோறும் அந்நாட்டுப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்திற்கு அறிக்கை அளித்தல் வேண்டும். அதில் பொய்யுரைப்பின் தண்டம் உண்டு. நீதிமன்றத்தில் உறுதிமொழியின்மேல் அளிக்கும் சான்றுரையும், ஒழுங்காற்று அமைப்புகளின் ஆணையும் இவ்வகையினவே.

பேசுபுக்கு நிறுவனம் 2021 அக்டோபர் 28-ஆம் நாள் தன் பெயரையே 'மெட்டா' என மாற்றி, வருங்கால வாழ்வு மெய்ந்நிகர் உலகில் அமையும் என்றது. அது புகழ்ப்பகுதி. அவ்வுலகினை ஆக்கும் பிரிவு 2022-இல் 1,372 கோடி டாலரும், 2023-இல் 1,612 கோடி டாலரும் இழந்ததாக அந்நிறுவனத்தின் கணக்கறிக்கை கூறும். இது கீழ்ப்பகுதி. இரண்டும் ஒரே கல்லில் உள்ளன; மேலே நின்று படிப்போர் மேற்பகுதியினையே படிப்பர்.

டெஸ்லா 2016-இல் வெளியிட்ட படக்காட்சியின் முகப்பில், ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் சட்டத்தின் பொருட்டே இருக்கின்றார் என எழுதப்பட்டிருந்தது. 2018-இல் நிகழ்ந்த உயிர்க்கேடு ஒன்று பற்றிய வழக்கில், நிறுவனத்தின் தானோட்டு மென்பொருட் பிரிவின் இயக்குநர் 2022-இல் சான்றுரைத்தார். அப்பயணத்தின் வழி முன்னரே அளந்து வரைபடமாக்கப்பெற்றது என்றும், ஒத்திகையின்போது ஓட்டுநர் குறுக்கிட நேர்ந்தது என்றும், ஊர்தியை நிறுத்தும் முயற்சியில் வேலி ஒன்றில் மோதியது என்றும் அவர் கூறினார். முகப்பு எழுதி ஆறு ஆண்டு கழித்தே கீழ்ப்பகுதி படிக்கப்பெற்றது.

தெரானோஸ் என்னும் நிறுவனத்தின் வரலாறு இவை அனைத்தினும் கொடியது. 2003-இல் தொடங்கிய அந்நிறுவனம், விரல்நுனிக் குருதித் துளிகள் சில கொண்டு பல நோய்ச்சோதனைகள் செய்வதாகக் கூறியது. 2014-இல் அதன் மதிப்பு 900 கோடி டாலர் எனப்பட்டது. அவ்வாண்டு 'பார்ச்சூன்' இதழ் அதன் தலைவி எலிசபெத்து ஓம்சின் உருவத்தை அட்டையில் இட்டுப் புகழ்ந்தது. 2015 அக்டோபரில் 'வால் ஸ்திரீட்டு சர்னல்' இதழில் சான் கேரிரூ எழுதிய ஆய்வுச்செய்தி, அப்பொறி கூறியவாறு இயங்கவில்லை என்பதனை வெளிக்கொணர்ந்தது. 2016-இல் அந்நிறுவனம் தன் பொறி கொண்டு ஈராண்டு அளித்த முடிவுகளைச் செல்லாதன என நீக்கிக்கொண்டது. அதன் தலைவி 2022 சனவரியில் முதலீட்டாளரை ஏமாற்றிய குற்றத்திற்கு உள்ளானார். அவ்வாண்டு நவம்பரில் பதினோராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். முதலீட்டாளர் இழந்தது பொருள். அம்முடிவுகளை நம்பி மருந்துண்டோ உண்ணாதோ இருந்த நோயாளர் இழந்தது யாது என்பதனை எந்தக் கணக்கறிக்கையும் கூறாது.

இவ்வரலாற்றில் ஒரு நற்செயலும் உண்டு. 'பார்ச்சூன்' இதழில் புகழ்ந்தெழுதிய அதே எழுத்தாளர், தாம் எவ்வாறு தவறாக வழிநடத்தப்பட்டார் என்பதனை 2015 திசம்பரில் அவ்விதழிலேயே எழுதினார். புறநானூற்றுப் புலவர் பரிசில் பெறுவோரே. எனினும் பாடாண் திணையில் செவியறிவுறூஉ என்னும் துறையும் உண்டு. அரசன் செவியில் அறிவுரை புகுத்தல் அதன் பொருள். நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று போரைத் தவிர்க்கப் பாடிய கோவூர்கிழார் பரிசிலரே ஆவர். பாடுதலும் தடுத்தலும் ஒரு நாவிற்கே இயலும். இக்காலச் செய்தியாளரிடம் நாம் வேண்டுவதும் அதுவே.

7. தடையும் விடையும்

புகழ்ச்சியில் மிகை இயல்பு. அதனை அறியாதார் யார். ஆதலின் இவ்வாராய்ச்சி மிகை என ஒரு தடை எழலாம். மெய்க்கீர்த்தியைக் கேட்டோர் அதன் மரபினை அறிவர். உயர்வு நவிற்சியை உயர்வு நவிற்சியாகவே கொள்வர். தொழில்நுட்பச் செய்தியோ அணியாக வருவதில்லை, செய்தியாக வருகின்றது. எண்ணும் நாளும் பெயரும் கொண்டு, அறிவியல் நடையில் வருகின்றது. அணி என அறியப்படாத அணி பொய்யின் பக்கத்தில் நிற்கும்.

இனி, ஐயுறுவோரும் பிழைபட்டதுண்டே என்பது மற்றொரு தடை. உண்மையே. கணிப்பொறி வலையமைப்பு முறை ஒன்றனை ஆக்கியவருள் ஒருவரான இராபர்ட்டு மெட்காபு, 1996-இல் இணையம் நிலைகுலைந்து வீழும் என 1995-இல் எழுதினார். அது வீழவில்லை. 1997-இல் கருத்தரங்கு ஒன்றில் அறிஞர் முன்னிலையில் தாம் எழுதிய தாளை நீரோடு அரைத்துக் குடித்துத் தம் சொல்லைத் தாமே விழுங்கினார். அவர் ஐயம் பிழை. ஆனால் அவர் கூற்றுக்கு ஆண்டு என்னும் எல்லை இருந்தது. எல்லை இருந்தமையால் பிழை பிழையெனத் தெரிந்தது. எல்லாம் மோசடி என்னும் பொது ஐயமோ ஒருகாலும் பிழைபடாது. ஒருகாலும் பயன்படவும் செய்யாது. புகழ் எழுத்தினைப் போலவே வசை எழுத்தும் எல்லையின்றி வருமாயின் தள்ளத்தக்கதே.

பொறிகள் வளரவில்லையா என்பது மூன்றாம் தடை. வளர்ந்துள்ளன, அதனை யாம் மறுக்கவில்லை. 2018-இல் இருந்த மொழிபெயர்ப்புப் பொறியினும் இன்றையது பல மடங்கு சிறந்தது. கணினி தமிழாய்வுக்குச் செய்த உதவியும் சிறிதன்று. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், ஊதியம் பெறாத் தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிற்று. இன்று அதனைத் தொடாத ஆய்வு மாணவர் அரியர். அதற்கு மெய்க்கீர்த்தி பாடுவார் எவரும் இலர். பயனும் புகழும் ஒருங்கே வளர்வன அல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. ஐயம் பொறியின்மேல் அன்று. பொறியைப் பற்றிய தொடரின்மேல்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். தொழில்நுட்ப நிறுவனத்தின் அறிவிப்பு புகழ்ச்சி எழுத்து வகையினது. அதனை அவ்வகையாக அறிந்தே படித்தல் வேண்டும். படிக்குங்கால் மூன்று வினாக்கள் எழுப்புதல் வேண்டும். கூறப்பட்டது நிகழ்ந்ததா, நிகழ்வதா, நிகழ்வதாக விழையப்பட்டதா? தொடரில் மறைந்த வினைமுதல் யார்? கூற்றின் நான்கெல்லை யாது? இம்மூன்றற்கும் விடை அறிவிப்பில் கிடையாவிடின் கீழ்ப்பகுதியாகிய ஆவணத்தைத் தேடுதல் வேண்டும். ஆவணம் கிட்டும்வரை அக்கூற்றினை ஆய்வேட்டில் சான்றாகக் காட்டுதல் கூடாது, கருதுகோளாகக் காட்டலாம்.

எம் மாணவர் தாம் கைவிட்ட பொருளினை மீண்டும் எடுத்துக்கொண்டார். ஆயினும் பழைய முன்வரைவிற்குத் திரும்பவில்லை. மாந்தர் பெயர்ப்புகளோடு பொறியின் பெயர்ப்பையும் ஒருங்கு வைத்து, துறையும் கூற்றும் பொருள்கோளும் எவ்விடத்து நிலைபெறுகின்றன, எவ்விடத்துச் சிதைகின்றன எனப் பாட்டு முழுமையும் நோக்கி ஆராய்கின்றார். பொறி ஓரிடத்தில் மாந்தரினும் நன்கு பெயர்த்திருப்பின் அதனையும் மறையாது எழுதுமாறு கூறியுள்ளோம். விடை எதுவாயினும் அது செய்தி நறுக்கிலிருந்து வந்ததாக இராது. பாட்டிலிருந்து வந்ததாக இருக்கும். அதுவே ஆய்வு எனப்படும்.